நர்ஸுக்கு சர்வே வேலை ஒத்து வருமா?

கேள்வி: ஜிஎன்எம்ங்கற நர்சிங் டிப்ளமா படிச்ச நர்ஸ் நான், மும்பை சயான் கோலிவாடால இருக்கேன். குழந்தை பொறந்தப்புறம் ஹாஸ்பிடல் ஷிஃப்ட் ஒத்து வரல. ஹெல்த் சர்வே எடுக்க ஃப்ரீலான்ஸா கூப்பிடறாங்க, நம்ம நேரத்துக்குப் போலாமாம். நம்பலாமா?

பதில்: தாராளமா போங்கம்மா, ஆனா அந்த "நம்ம நேரம்"ங்கறத மட்டும் அப்படியே நம்பிடாதீங்க, வீட்ல ஆள் இருக்கற நேரம்தான் சர்வே நேரம், தாராவி பக்கம்லாம் ஆம்பளைங்க வேலை முடிஞ்சு வரவே ராத்திரி ஆயிடும், அப்போ குழந்தையை யாரு பாத்துப்பாங்கன்னு முதல்ல யோசிங்க.

உங்க படிப்புக்கு இதுல மதிப்பு இருக்கு. மும்பை தேவ்னார்ல இருக்கற ஐஐபிஎஸ்ங்கற மக்கள்தொகை ஆராய்ச்சி நிறுவனம் 2019-21ல நடத்தின தேசிய குடும்ப நல சர்வேல வெறும் கேள்வி மட்டும் இல்ல, உயரம், எடை, சுகர், ஹீமோகுளோபின் எல்லாம் பாத்தாங்க, பிபி மட்டும் அஞ்சஞ்சு நிமிஷம் விட்டு மூணு தடவை. இங்கதான் பழகின கை வேணும். ரத்தம் வரலன்னு விரலை அமுக்கிப் பிழிஞ்சா சதை நீரும் கலந்து ஹீமோகுளோபின் கம்மியா காட்டிடும், மாடி ஏணி ஏறி மூச்சு வாங்கறவங்களுக்கு உடனே பிபி பாத்தா அதெல்லாம் ஒரு கணக்கா?

காசு விஷயத்தை எழுதி வாங்கிக்கோங்க. ஃபார்முக்கு இவ்ளோன்னு சொன்னா, பூட்டின வீட்டுக்குத் திரும்பத் திரும்ப நடக்கறதுக்கு யாரு தருவா, ஆட்டோ காசு, நீங்க எடுத்த ஃபார்மை செக்கிங்ல வேணாம்னு தள்ளிட்டா என்ன, எல்லாத்தையும் கேளுங்க. டிரெயினிங்குக்கு நீங்க பணம் கட்டணும்னா எழுந்து வந்துருங்க.

ஒப்புதல் கையெழுத்து இல்லாம ஊசியத் தொடாதீங்க. தமிழ்ல பேசினா தாராவில கதவு சட்டுனு திறக்கும், கூடவே பக்கத்து வீட்டு அக்காவுக்கு சுகர் எவ்ளோன்னும் கேப்பாங்க, வாயே திறக்காதீங்க.