படகில் முதல் டைவ்: எனக்கு மட்டும் ஏன் காற்று சீக்கிரம் தீர்கிறது?

கேள்வி: நானும் இரண்டு நண்பர்களும் ஒன்றாக ஸ்கூபா டைவிங் கற்று முதல்நிலைச் சான்றிதழ் வாங்கினோம். இதுவரை கரையிலிருந்துதான் இறங்கியிருக்கிறோம். அடுத்த மாதம் முதல் தடவையாகப் படகில் போகிறோம். எனக்கு அரை மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அப்போது அவர்களிடம் பாதி மீதம் இருக்கும். என்னால் அவர்களுக்கும் டைவ் கெடுகிறதே என்று கூச்சமாக இருக்கிறது. நான் மட்டும் முன்னால் மேலே வந்துவிடலாமா? படகில் குமட்டல் வேறு வரும்.

பதில்: ஒரு சின்னத் திருத்தத்தோடு தொடங்குகிறேன். உங்கள் சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் இல்லை. இப்போது நீங்கள் மூச்சு வாங்கும் அதே காற்றைத்தான் அழுத்தி அடைத்திருக்கிறார்கள். வெறும் ஆக்சிஜனோடு 18 மீட்டர் இறங்கினால் அது நஞ்சாகி வலிப்பு வரலாம்.

சரி, கணக்குக்கு வருவோம். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) அடைத்தால் 2400 லிட்டர் காற்று. கடைசி 50 பார் கையிருப்பு, அதைத் தொடக்கூடாது. மீதி 1800 லிட்டர். கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர், 18 மீட்டர் ஆழத்தில் 56 லிட்டர் இழுப்பார். அங்கே அழுத்தம் 2.8 மடங்கு. ஆக 32 நிமிடம். உங்கள் நண்பர் கரையில் நிமிடத்துக்கு 14 லிட்டர்தான் இழுப்பவர் என்றால் அவருக்கு 46 நிமிடம் வரும். நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. உடல்வாகும் பதற்றமும் ஆளுக்கு ஆள் வேறு.

இதே கணக்கில் ஒரு வழியும் இருக்கிறது. நண்பர்கள் 15 மீட்டரில் போனால் நீங்கள் அவர்களுக்குப் பக்கவாட்டில், 12 மீட்டரில் போங்கள். அதே 20 லிட்டர் அங்கே 44 ஆகிறது. 41 நிமிடம் கிடைக்கும். கண்ணுக்கு எட்டும் தூரம்தான், துணை துணையாகவே இருப்பார்.

அடுத்து, அமிழ்வதற்காக இடுப்பில் கட்டும் ஈய எடை. புதியவர்களில் பலர் தேவைக்கு மேல் இரண்டு மூன்று கிலோ கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். எடை கூடினால், மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்டில் கூடுதல் காற்று அடைக்க வேண்டும், உடம்பு சாய்ந்து கால் தொங்கும், ஒவ்வொரு உதைக்கும் மூச்சு வாங்கும். டைவ் முடிந்து 50 பார் இருக்கும்போது ஜாக்கெட்டைக் காலி செய்துவிட்டு, சாதாரணமாக மூச்சிழுத்து அசையாமல் நில்லுங்கள். தண்ணீர் கண் மட்டத்தில் நின்று, மூச்சை விட்டதும் மெல்ல அமிழ்ந்தால் எடை சரி. நிறைந்த சிலிண்டரில் காற்றே கிட்டத்தட்ட 3 கிலோ இருக்கும், அதனால்தான் கடைசியில் பார்க்கச் சொல்கிறேன். கையால் துழாவி நீந்துவதையும் விட்டுவிடுங்கள்.

காற்றை மிச்சம் பிடிக்க மூச்சை அடக்குவது மட்டும் வேண்டாம். தலைவலி வரும்; அடக்கிய மூச்சோடு ஓரிரு மீட்டர் மேலே ஏறினாலே நுரையீரல் கிழியலாம்.

உங்கள் முக்கியமான கேள்விக்கு என் பதில்: தனியாக மேலே வரக்கூடாது. யாருக்கு முதலில் தீருமோ, அவருடைய மீட்டர்தான் (சிலிண்டரில் எத்தனை பார் மீதம் என்று காட்டும் முள்) மூவருக்கும் கடிகாரம். இதைக் கடலுக்குள் கை ஜாடையில் பேரம் பேச முடியாது, படகிலேயே பேசி முடியுங்கள். மூவர் என்பதில் ஒரு வம்பு உண்டு: 'அவன் பார்த்துக்கொள்வான்' என்று இருவர் நினைத்தால் மூன்றாமவரை யாருமே பார்ப்பதில்லை. யார் நடுவில், யார் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள். கூட வரும் வழிகாட்டி சம்மதித்தால் அவரும் நீங்களும் ஒரு ஜோடி, நண்பர்கள் இருவர் ஒரு ஜோடி என்று பிரிவது இன்னும் நல்லது. அப்போது உங்கள் கூச்சத்துக்கே இடமில்லை.

எண்களையும் பேசிவிடுங்கள். முதலில் நீரோட்டத்தை எதிர்த்துப் போங்கள். யாருக்காவது 125 பார் காட்டினால் மூவரும் திரும்ப வேண்டும். 80 வந்ததும் மேலே ஏறத் தொடங்கலாம், நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல். 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று, படகேறும்போது 50 இருக்க வேண்டும். துணையைக் காணவில்லையென்றால் ஒரு நிமிடம் சுற்றிலும் தேடுங்கள், அப்புறம் மேலே வாருங்கள். 'கீழேயே இருப்பான்' என்று காத்திருப்பதில்தான் இரண்டு பேருக்கும் காற்று தீரும்.

குதிக்கும் முன் ஒருவர் கருவியை மற்றவர் பார்ப்பதை, படகு ஆடுகிறது, வரிசை நிற்கிறது என்று விட்டுவிடாதீர்கள். ஒரு முறை என் துணை ரெகுலேட்டரில் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) மூச்சிழுத்துப் பார்த்து "ஓகே" என்று காட்டினார். நான் அவர் மீட்டரைப் பார்த்தேன். அவர் இழுக்கும்போதெல்லாம் முள் 200-லிருந்து 150-க்குச் சரிந்து, விட்டதும் ஏறியது. அவசரத்தில் யாரோ வால்வை முழுதும் மூடி, கால் சுற்று மட்டும் திறந்திருக்கிறார்கள். படகில் அது போதும். 15 மீட்டரில் மூச்சுத் திணறும். அதனால் நாலைந்து முறை மூச்சிழுக்கும்போது முள்ளையே பாருங்கள், அசையக்கூடாது.

குமட்டலுக்கு மாத்திரை உண்டு, ஆனால் சில வகைகள் தூக்கத்தை வரவழைக்கும். மருத்துவரிடம் டைவிங் செய்யப்போவதைச் சொல்லி வாங்குங்கள். பயணத்துக்கு முன்பே ஒரு நாள் வீட்டில் போட்டுப் பாருங்கள். படகில் நடுப்பகுதியில் உட்கார்ந்து அடிவானத்தைப் பாருங்கள், என்ஜின் புகை பக்கம் வேண்டாம். தயாராகும்போது குனிந்து பையைத் துழாவுவதுதான் பலரைக் கவிழ்க்கிறது. ஃபின், மாஸ்க், எல்லாவற்றையும் படகு கிளம்பும் முன்பே எடுத்து வையுங்கள்.

தண்ணீருக்குள்ளேயே வாந்தி வந்தால்? ரெகுலேட்டரைக் கழற்றாதீர்கள். வாயோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அதன் வழியாகவே எடுங்கள், அதிலுள்ள பட்டனை அமுக்கிச் சுத்தம் செய்துவிட்டு மெதுவாக மூச்சிழுங்கள். கழற்றினால் ஓங்கரிப்புக்கு நடுவே அனிச்சையாக இழுக்கும் மூச்சில் தண்ணீர்தான் உள்ளே போகும். மீன்கள் கூடிவிடும், அதைப் பற்றி நண்பர்கள் நெடுநாள் பேசுவார்கள்.