மதிப்பெண்ணோடு குணத்தையும் பார்க்கும் பரிசு: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் சென்னை ஐஐடியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பத்துக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்ணான சிஜிபிஏ 9.1. வாரத்தில் இரண்டு மாலை, கட்டுமானத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறாள். "படிக்கப் போன இடத்தில் ஊரான் பிள்ளைகளுக்காக ஏன் அலைய வேண்டும்? வேலை கிடைத்த பிறகு செய்யக் கூடாதா?" என்று நீங்கள் கேட்டதற்கு, "இதையும் பார்த்துக் கொடுக்கிற பரிசு ஒன்று இருக்கிறது அம்மா" என்று சொல்லியிருக்கிறாள். அப்படி ஒரு பரிசு உண்மையிலேயே உண்டா, அதை நம்பி நேரத்தைச் செலவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

பரிசு உண்டு. 1992 முதல் 1997 வரை குடியரசுத் தலைவராக இருந்த டாக்டர் சங்கர் தயாள் சர்மா அளித்த நிதியைக் கொண்டு 1994இல் நிறுவப்பட்டது. ஐஐடிகளிலும் வேறு பல பல்கலைக்கழகங்களிலும் பட்டமளிப்பு விழாவில் அவர் பெயரால் வழங்குகிறார்கள். படிப்பில் சிறப்பு, நடத்தை, குணநலன், பாடத்துக்கு வெளியிலான ஈடுபாடு, சமூக சேவை ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அதன் விதி. சர்மாவே மாணவராக இருந்தபோது சமூக சேவைக்காக லக்னோ பல்கலைக்கழகத்தின் சக்கரவர்த்தி தங்கப் பதக்கத்தைப் பெற்றவர். தாம் பெற்ற ஒன்றை அடுத்த தலைமுறைக்கும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சென்னை ஐஐடியில் இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடிய வேறு இரண்டு பரிசுகளும் உண்டு. குடியரசுத் தலைவர் பரிசு முழுக்க மதிப்பெண்ணுக்கு உரியது. அதற்கான போட்டி பத்துக்கு மிக அருகில் நடக்கும், 9.1 அங்கே எட்டாது. ஆளுநர் பரிசு படிப்பிலும் பிற துறைகளிலும் ஒருசேரத் திறமை காட்டியவருக்கு. குணத்தையும் சேவையையும் பெயர் சொல்லிக் கேட்பது சர்மா பரிசுதான். உங்கள் மகள் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

குணத்தை எப்படி அளப்பார்கள் என்று நீங்கள் கேட்டிருப்பது நியாயமான கேள்வி. நம் ஊர்ப் பள்ளிகளின் மாற்றுச் சான்றிதழில் ஒழுக்கமும் பண்பும் என்ற வரிக்கு எதிரே எல்லாப் பிள்ளைகளுக்கும் 'நன்று' என்றே எழுதித் தருகிறோம். அந்த ஒரு சொல்லை வைத்து யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துப் பார்க்க முடியாது. பரிசுக் குழுக்கள் முதலில் பார்ப்பது தேர்வு முறைகேடு, ராகிங் போன்றவற்றில் பெயர் அடிபட்டிருக்கிறதா என்பதை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2009ஆம் ஆண்டு விதிமுறைப்படி ராகிங் தடுப்பு உறுதிமொழியில் மாணவரோடு பெற்றோரும் கையெழுத்திட வேண்டும், நீங்களும் போட்டிருப்பீர்கள். இது வாசற்படி மட்டுமே. இதைத் தாண்டி வருகிறவர்கள் நிறையப் பேர்.

அதற்குப் பிறகு நடப்பதை ஒரு கல்லூரியில் நேரில் பார்த்திருக்கிறேன். சிறந்த மாணவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் வெளியாளாக என்னையும் உட்கார வைத்தார்கள். ஒரு மாணவர் தடிமனான கோப்பு ஒன்றோடு வந்தார். அதில் நாற்பதுக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள். பாதிக்கு மேல் ஒரு நாள் கருத்தரங்குகளில் கலந்துகொண்டதற்கானவை. ஒவ்வொன்றையும் பார்த்து, "இதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்கக் கேட்க அவர் முகம் வாடியது. கெட்டிக்காரப் பிள்ளை. யாரோ தவறாக வழிகாட்டியிருந்தார்கள்.

அடுத்து வந்த மாணவியின் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் வருகைப் பதிவு. ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் குறிப்புகள்: "கழித்தல் வருகிறது, கடன் வாங்கிக் கழிப்பது வரவில்லை." "பலகையைப் பார்த்து எழுதுவதில்லை, பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறான்." இரண்டு வாரம் கழித்து அதே பெயருக்கு எதிரே, "முன்வரிசையில் உட்கார வைத்தேன். கண்தான் பிரச்சினை. அரசு மருத்துவமனைக்கு அம்மாவுடன் போனோம்." இன்னும் சில பக்கம் தள்ளி, "கண்ணாடி வந்துவிட்டது."

நோட்டில் மூன்று வாரம் வெறுமையாக இருந்தது. ஏன் என்று குழுவில் ஒருவர் கேட்டார். "செமஸ்டர் தேர்வு என்று நான் போகவில்லை, சார். திரும்பப் போனபோது இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு தேர்வு நேரத்தில் வேறொருவரைப் பொறுப்பில் வைத்துவிட்டுத்தான் வந்தேன்" என்றாள். தன் தவறை அவளே சொன்ன பிறகு நாங்கள் கேட்பதற்கு அதிகம் இல்லை. உங்கள் மகள் நடத்துவதும் இதே போன்ற வகுப்பு என்று படித்ததும் அந்த நோட்டுதான் கண்முன் வந்தது.

இனி, வேலை பற்றிய உங்கள் கவலைக்கு வருகிறேன். ஐஐடிகளில் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கான வேலைவாய்ப்பு முகாம் டிசம்பர் 1ஆம் தேதி தொடங்குகிறது. பட்டமளிப்பு விழா நடப்பது படிப்பு முடிந்த பிறகு, அடுத்த ஆண்டின் நடுவில். இந்தப் பரிசு கைக்கு வரும்போது முதல் வேலை முடிவாகியிருக்கும். வெளிநாட்டு மேற்படிப்புக்குப் போவதென்றாலும் பெரும்பாலான விண்ணப்பங்கள் டிசம்பர், ஜனவரியிலேயே போய்விடும். ஆகவே பரிசு வந்தால் வேலை வரும் என்ற கணக்கில் யாராவது உங்களிடம் பேசினால் நம்பாதீர்கள். பரிசையே குறி வைத்துச் சேவையில் இறங்கும் பிள்ளைகள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஆண்டுதோறும் பட்டம் பெறும் அத்தனை பேரில் இது ஒருவர் கைக்குப் போகிற பரிசு என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆனால் பரிசுக்குத் தகுதியாக்கும் அந்தப் பழக்கம் டிசம்பருக்கு முன்பே பலன் தரும். நேர்முகத் தேர்வில் "ஒரு சிக்கலை எப்படித் தீர்த்தீர்கள்?" என்று கேட்டால், பிராஜெக்டைத் தவிர வேறொன்றையும் சொல்ல உங்கள் மகளிடம் விஷயம் இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க வைக்கும் ரோட்ஸ் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1902இல் இறந்த பிரிட்டிஷ் காலனிய அரசியல்வாதி செசில் ரோட்ஸ் தம் உயிலிலேயே புலமையோடு உண்மை, துணிவு, கடமையுணர்வு, எளியோர்பால் பரிவு ஆகியவற்றையும் தகுதிகளாக எழுதி வைத்தார். அந்த மனிதரின் காலனிய வரலாறு கசப்பானது; 1977 வரை பெண்களுக்கு அதில் இடமே இருந்ததில்லை. இன்று உங்கள் மகளும் விண்ணப்பிக்கலாம். அங்கே பெரிதும் எடைபோடப்படுவது, அவளை நெருங்கி அறிந்தவர்கள் எழுதும் பரிந்துரைக் கடிதங்கள்.

அதனால் இப்போதே செய்ய வேண்டியவை சில. வகுப்பு நாட்களின் பதிவை அன்றன்றே எழுதி வைக்கச் சொல்லுங்கள். இறுதியாண்டில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் அது பொய்யின் வாடை அடிக்கும். அவளுடைய பேராசிரியர் ஒருவரை ஒரு நாள் அந்த வகுப்புக்கு அழைத்துப் போகட்டும். கண்ணால் பார்த்தவர் எழுதும் நான்கு வரிக்கு இருக்கும் கனம், துறைத் தலைவரின் சம்பிரதாயக் கடிதத்துக்குக் கிடையாது. பணம் கட்டினால் தபாலில் வரும் 'இளம் சாதனையாளர்' விருதுகளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவை கோப்பில் இருந்தால் மற்ற உண்மையான சான்றுகளின் மேலும் சந்தேகம் விழும்.

மதிப்பெண்ணை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. நிறுவனங்கள் சிஜிபிஏ வரம்பு வைத்து வடிகட்டுவது உண்மைதான். இந்தப் பரிசுக்கும் படிப்பில் சிறப்பு முதல் நிபந்தனை. உங்கள் மகள் மூன்று சங்கங்களில் பொறுப்பு வகிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நேரம் போதவில்லை என்றால் அவற்றில் இரண்டை விட்டுவிடட்டும். வாரத்தில் மூன்று மணி நேரம் பிடிக்கும் அந்த வகுப்பை நிறுத்த வேண்டாம். தேர்வு வாரங்களில் பொறுப்பேற்க ஒரு ஜூனியரை இப்போதே பழக்கிக்கொண்டால் போதும்.

இறுதியாண்டில் விண்ணப்பத்துக்கான அறிவிப்பு வந்ததும் விதிகளை வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். தகுதி வரம்பும் கேட்கும் ஆவணங்களும் கல்வி நிறுவனத்துக்குக் கல்வி நிறுவனம் மாறும். தன்னைப் பற்றிய பக்கத்தை அவளே எழுதட்டும்; அப்பாவோ மாமாவோ கைவைக்க வேண்டாம். எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். நடையைத் தொட மாட்டேன். தேதிகளும் எண்களும் அவள் நோட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்து அன்றே திருப்பி அனுப்புகிறேன்.