அந்த அம்மா செய்தது சரியா? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஓயாத வழக்கு

கேள்வி: திருமணத்தையும் குடும்ப ரகசியத்தையும் சுற்றி வரும் காதல் நாவல்களில், வாசகர்களிடையே பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பியது எது? உங்கள் கருத்து என்ன?

ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'தான். அதைக் காதல் நாவல் வரிசையில் வைப்பதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அதன் நாயகி கங்காவுக்கும் பிரபுவுக்கும் நடுவில் இருப்பதற்கு வேறு என்ன பெயர் வைப்பது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்த நாவல் பிறந்ததே வாசகர்களின் கோபத்திலிருந்துதான். 1966இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதை வந்தது. மழை பெய்யும் மாலை, பஸ்ஸுக்கு நிற்கும் ஏழை பிராமணக் கல்லூரிப் பெண், பெரிய கார், முன்பின் தெரியாத ஒருவன். நடக்கக் கூடாதது நடந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா முதலில் அடிக்கிறாள். பிறகு மகளை உட்கார வைத்துத் தலையில் தண்ணீரைக் கொட்டுகிறாள். இது தண்ணீர் இல்லை, நெருப்பு என்று நினைத்துக்கொள், நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். தெருவில் நடக்கும்போது அசிங்கத்தை மிதித்துவிட்டால் காலையா வெட்டிப் போடுகிறோம், கழுவிவிட்டுப் பூஜை அறைக்குக்கூடப் போகிறோமே என்கிறாள். யாரிடமும் சொல்லாதே என்றும் சொல்கிறாள். காரில் அவன் கொடுத்த சூயிங்கத்தை அந்தப் பெண் இன்னமும் மென்றுகொண்டிருக்கிறாள். அதைத் துப்பச் சொல்லி, வாயைக் கொப்பளித்துவிட்டு வரச் சொல்கிறாள். அந்த சூயிங்கம் வரும் இடத்தை எப்போது படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. எவ்வளவு சின்னப் பெண் அவள்!

கடிதங்கள் வந்து குவிந்தன. ஒரு தாய் இப்படிச் செய்யலாமா என்று கொதித்தார்கள். முடிவை மாற்றிப் பதிலுக்குக் கதை எழுதியவர்களும் உண்டு. ஜெயகாந்தன் அவர்களோடு மல்லுக்கு நின்று கட்டுரை எழுதியிருக்கலாம். அதற்குப் பதில் அவர் செய்த காரியம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வாசகர்கள் கேட்டதை அப்படியே கொடுத்தார். சரி, அந்த அம்மா மறைக்கவில்லை, ஊரைக் கூட்டி ஒப்பாரி வைத்தாள் என்று வைத்துக்கொள்வோம், அந்தப் பெண் என்ன ஆகிறாள் பாருங்கள் என்று ஒரு முழு நாவலை எழுதினார். நாவலுக்குள்ளேயே கங்கா அந்தச் சிறுகதையைப் பத்திரிகையில் படிக்கிறாள். தன் கதையேதான், அம்மா மட்டும் வேறு அம்மா! அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

நான் இந்த நாவலைப் படித்தது 1985இல், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில், அம்மாச்சி வீட்டுப் பரணில். நாவல் முதலில் தினமணி கதிரில் தொடராக வந்தபோது அதன் பெயர் 'காலங்கள் மாறும்'. அம்மாச்சி வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ துணி போட்டு பைண்டு செய்து வைத்திருந்தார். முதுகில் மையால் எழுதியிருந்ததும் 'காலங்கள் மாறும்' என்றுதான். அதனால் நான் படித்துக்கொண்டிருப்பது 1972இல் சாகித்ய அகாதமி பரிசு வாங்கிய அந்தப் புகழ்பெற்ற நாவல் என்று எனக்குப் பாதி வரை தெரியாது. லட்சுமி நடித்து 1977இல் வந்த படத்தின் கதையை அம்மா ஒருமுறை சொல்லியிருந்தார். கங்கா என்ற பெயரைப் பார்த்த பிறகுதான் மெல்லப் பிடிபட்டது.

அம்மா கனகம் ஊரறிய அலறும் இடத்தில் பக்கத்து வெள்ளையில் பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது: 'அடிப்பாவி'. அம்மாச்சியின் கையெழுத்து. பென்சிலை அழுத்தியதில் தாளின் மறுபக்கம் அந்தச் சொல் தடவினால் கைக்குத் தட்டுப்பட்டது. அந்தத் தொகுதி முழுக்க வேறு எங்கும் அவர் ஒரு கோடுகூடக் கிழித்திருக்கவில்லை.

அடிப்பாவி என்றது கங்காவை என்றுதான் அப்போது நினைத்தேன். பதினைந்து வயதில் எனக்கும் கங்கா மேல்தான் எரிச்சல். எதற்குக் காரில் ஏற வேண்டும் என்று கேட்டேன். அம்மாச்சி பதில் சொல்லவில்லை. அரிசியைப் புடைத்துக்கொண்டே, "மழையிலே நின்னு பார்த்திருக்கியா நீ?" என்று மட்டும் கேட்டார்.

என் அம்மாவின் கட்சி வேறு. கதையில் வரும் அம்மா செய்தது தவறு, நாவலில் வரும் அம்மா செய்ததும் தவறு என்பார். ஊரைக் கூட்டியிருக்க வேண்டாம், ஆனால் நாளைக்குத் தாலி கட்டப் போகிறவனிடம் மறைப்பது மோசடி இல்லையா என்பது அவர் வாதம். அவருக்கும் அம்மாச்சிக்கும் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் சமையலறையில் பாத்திரம் சத்தமாக வைக்கப்படும். ஒரு நாவலுக்கு இவ்வளவா என்று எனக்கு வியப்பாக இருக்கும்.

அது நாவலைப் பற்றிய சண்டை மட்டும் இல்லை என்று, அம்மாச்சி காலமான பிறகு, பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவில் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. (பெயரில்லாமல் எழுதுவது இதனால்தான்.) 1965இல், என் சித்திக்குப் பத்தொன்பது வயதில், அவர் ஒருவரை நம்பி வீட்டை விட்டுப் போயிருக்கிறார். இரண்டாம் நாள் காலையில் தனியாகத் திரும்பி வந்து கொல்லைக் கதவைத் தட்டியிருக்கிறார். அம்மாச்சி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெந்நீர் போட்டுத் தலைக்கு ஊற்றி, ரசம் சாதம் பிசைந்து கொடுத்து, படுக்க வைத்திருக்கிறார். திருச்சியில் தம்பி மனைவியின் பிரசவத்துக்குத் துணையாகப் போயிருந்தாள் என்று தெருவில் சொல்லிவிட்டார். இரண்டு வருடம் கழித்துச் சித்திக்குக் கல்யாணம் நடந்தது. விகடனில் கதை வந்தது சித்தி திரும்பி வந்ததற்கு மறு வருடம். அம்மாச்சி அதைப் படித்தபோது என்ன நினைத்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன். தான் செய்ததை யாரோ பார்த்துவிட்டு எழுதியது போல இருந்திருக்கும். அடுத்தடுத்த வாரங்களில், அந்தத் தாயைத் திட்டி ஊரே பேசியதையும் கேட்டிருப்பார்.

அந்தக் கோபத்தைப் பற்றி நான் பல வருடங்கள் யோசித்திருக்கிறேன். கதையில் அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளையே கிடையாது. இன்னும் பிறக்காத சம்பந்தம் அது. ஆனாலும் கோபப்பட்டவர்கள் அந்த வராத மாப்பிள்ளையின் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டுதான் கதையைப் படித்தார்கள். என் தலையில் கட்டிவிடுவார்களே என்ற பயம் அது. என் அம்மாவும் அங்கே உட்கார்ந்துதான் படித்தார். நனைந்து வந்து நிற்கிற பெண்ணின் பக்கத்தில் அன்றைக்கு நின்றது அம்மாச்சி போன்ற மிகச் சிலர்தான்.

நாவலை இதை மனத்தில் வைத்துப் படித்தால் வெங்கு மாமாவின் இடம் துலக்கமாகத் தெரியும். கங்காவைப் படிக்க வைத்த பெரிய மனிதர். ஊரில் மதிப்புள்ள வக்கீல். சாஸ்திரம் பேசுகிறவர். இவள் இனி ஒருவனுக்கு மனைவியாக முடியாது, வேண்டுமானால் வைப்பாக இருக்கலாம், சாமர்த்தியம் இருந்தால் அவனையே தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று சொல்கிறவர் அவர்தான். அவளிடம் தவறாக நடக்கப் பார்ப்பவரும் அவரேதான். உண்மை வெளியே வந்ததால் அந்த வீட்டில் யாரும் நேர்மையானவர்கள் ஆகிவிடவில்லை. அண்ணன் கணேசன் அடித்துத் துரத்துகிறான், மாமாவுக்கு ஒரு பிடி கிடைக்கிறது. கங்கா நிஜமாகவே அன்று காரில் வந்த பிரபுவைத் தேடிப் போகிறாள். மனைவியும் வளர்ந்த மகளும் உள்ள, வீட்டில் மதிப்பில்லாத, பணமிருந்தும் வெறுமையான ஒரு மனிதனைக் கண்டுபிடிக்கிறாள். ஊர் அவர்களைப் பற்றி என்ன நினைத்ததோ அது அவர்களுக்குள் நடக்கவே இல்லை. கடைசியில் பிரபு அவள் நல்லதற்கென்று விலகிப் போகிறான். கங்கா குடிக்கத் தொடங்குகிறாள். அந்தக் கடைசிப் பக்கங்களை என்னால் இரண்டாம் முறை முழுதாகப் படிக்க முடிந்ததில்லை.

இப்போது என் அண்ணன் மகளுக்கு இருபத்திரண்டு வயது. போன வருடம் அவளிடம் கதையையும் நாவலையும் சேர்த்துக் கொடுத்தேன். அம்மாச்சி கட்சி எடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டு நாளில் கோபமாக வந்தாள். "அத்தை, இவர்கள் எல்லோரும் அந்தப் பெண் சுத்தமா இல்லையா என்றுதான் பேசுகிறார்கள். காரில் வந்தவன் செய்தது குற்றம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லையே. நாவலில் அவனுக்காக நாம் இரக்கப்படவும் வேண்டியிருக்கிறது" என்றாள். தண்ணீர் ஊற்றினால் சுத்தமாகும் என்று சொல்வதற்கே முதலில் அழுக்கானாள் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே என்றும் கேட்டாள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவள் சொல்வது சரி. அவள் வயதில் எனக்கு அது தோன்றவே இல்லை என்பது உறுத்தியது. ஆனாலும் அம்மாச்சியை விட்டுக்கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. 1965இல் ஒரு சிற்றூர் வீட்டுக் கொல்லையில், விடியற்காலையில், அவர் கையில் இருந்தது ஒரு அண்டா வெந்நீரும் ஒரு பொய்யும்தான். அதை வைத்து ஒரு பெண்ணைப் பிழைக்க வைத்தார். என் அம்மா கேட்ட கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. சித்தி 45 வருடம் சித்தப்பாவோடு வாழ்ந்தார். அவரிடம் எப்போதாவது சொன்னாரா என்று யாருக்கும் தெரியாது. நான் கேட்கப் போவதும் இல்லை.

சித்தி இந்த நாவலைப் படித்ததே இல்லை. படமும் பார்த்ததில்லை. வீட்டில் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார். போன மாதம் வீட்டுக்கு வந்தவர், அலமாரியில் அந்த பைண்டு தொகுதியைப் பார்த்து, அம்மாவின் கையெழுத்து என்று முதுகைத் தடவினார். எடுத்துப் போகட்டுமா என்று கேட்டார். பென்சில் எழுத்து இருக்கும் பக்கத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. பையில் வைத்து எடுத்துப் போயிருக்கிறார். இன்னும் திருப்பித் தரவில்லை.