இக்கிள்பிக்கிள் முடிஞ்சும் மகன் நித்திரை கொள்ளாததுக்கு

வெள்ளவத்தையில இருந்து எழுதின தங்கச்சி, 3 வயது மகன் ‘இன் த நைட் கார்டன்’ எண்ட சின்னப்பிள்ளையளின்ர ரீவித் தொடரைப் பார்த்து முடிய அடுத்ததைக் கேட்டு அழுகிறார் எண்டீங்கள். தொடரில பிழை இல்லை. 2007ல பிபிசி அதைத் தொடங்கினதே படுக்கைக்கு முந்தின நேரத்துக்குத்தான்.

ஒரு பாகம் கிட்டத்தட்ட 30 நிமிஷம். கடைசியில பாத்திரங்கள் ஒவ்வொருத்தராப் படுக்க, இக்கிள்பிக்கிள் எண்ட பாத்திரம் மட்டும் முழிச்சிருப்பார்; பிறகு அவரும் படகில போயிடுவார். பிள்ளைக்கு ‘முடிஞ்சுது’ எண்டு விளங்கிற இடம் அதுதான். யூடியூப் உடனே அடுத்ததைப் போட்டால் அந்த விளக்கம் அழிஞ்சுபோகும். செட்டிங்ஸில ஆட்டோபிளேயை நிப்பாட்டுங்கோ. பல பாகங்களை ஒட்டின நீள வீடியோ வேண்டவே வேண்டாம். யூடியூப் கிட்ஸ் எண்டால் பூட்டுப் படத்தை அமத்தி டைமரை 35 நிமிஷத்துக்கு வையுங்கோ; 20 வைச்சால் நடுவில அறுந்து அழுகை கூடும்.

போனில வேண்டாம், ரீவியில தூர இருந்து, லைட்டைக் குறைச்சு. பல்லு தீட்டுறது, மூத்திரம் பெய்யிறது எல்லாம் முதலே முடியட்டும். ஒவ்வொரு பாகத்தின்ர தொடக்கத்திலயும் ஒரு பிள்ளையின்ர உள்ளங்கையில விரலால வட்டம் போடுவினம், கவனிச்சிருப்பீங்கள். ரீவியை நிப்பாட்டின கையோட நீங்களும் மகன்ர கையில அப்பிடிப் போட்டு, “எல்லாரும் படுத்திட்டினம், இனி நீங்கள்” எண்டு தமிழில சொல்லுங்கோ. பாத்திரங்கள் பேசுறது பெரும்பாலும் மழலைச் சத்தம், அதால இங்கிலிஷ் தெரியாத பிள்ளைக்கும் இது பிடிபடும். முதல் சில இரவு அழுவார். அதுக்காக இன்னொண்டு போட்டுடாதீங்கோ.