பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவுக்கு ஆசிரியர் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலை எப்படி நடத்துவது?

கேட்டவர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் உதவிப் பேராசிரியர். தேர்தல் பொறுப்பு இந்த ஆண்டு அவர் தலையில் விழுந்திருக்கிறது. வருடா வருடம் முறையாகத் தேர்தல் நடந்தும் ஒரே துறையே எல்லா இடங்களையும் பிடித்துவிடுகிறது, இதைச் சரிசெய்ய முடியுமா என்கிறார். முடியும். ஆனால் வாக்குப்பதிவு நாளில் செய்யக்கூடியது குறைவு. இடங்களைப் பிரிப்பதிலும் எண்ணும் முறையிலும்தான் கோளாறு இருக்கும்.

ஒரு விளக்கம் முதலில். தமிழ்நாட்டுத் தன்னாட்சிக் கல்லூரிகளில் பாடத்திட்டக் குழு துறைவாரியாக இருக்கும். துறைத்தலைவர் தலைவர், துறை ஆசிரியர்கள் உறுப்பினர்கள், வெளி நிபுணர்கள் நியமனத்தில் வருவார்கள். தேர்தல் கிடையாது. அமெரிக்காவில் பல்கலைக்கழகம் முழுமைக்கும் ஒரே குழு இருப்பது வழக்கம். புதிய பாடம், முன்தகுதி மாற்றம், புதிய பட்டம் எல்லாம் அந்த மேசைக்கு வரும். பாடத்திட்டத்துக்கு முதன்மைப் பொறுப்பு ஆசிரியர்களுக்கே என்பது அங்குள்ள பேராசிரியர் சங்கம் 1966-இல் வெளியிட்ட கூட்டறிக்கையின் நிலைப்பாடு. அந்தப் பொறுப்பைச் சுமப்பவர்களை ஆசிரியர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதால்தான் தேர்தல்.

முதல் வேலை, பைலாவை, அதாவது அமைப்பின் உள்விதிகளை, எடுத்து எழுத்தெண்ணிப் படிப்பது. பல செனட்டுகள் (ஆசிரியர்களின் பேரவைகள்) ராபர்ட்ஸ் விதிகள் என்ற கூட்ட நடைமுறைக் கையேட்டைப் பின்பற்றுகின்றன. அந்த விதிகளில் மூன்று விஷயங்கள் பலரை மாட்டிவிடும். பைலா வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், அதிக வாக்கு வாங்கினால் மட்டும் போதாது, பாதிக்கு மேல் வாங்க வேண்டும். பைலாவில் அனுமதி இல்லாமல், வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் விருப்பவரிசை முறையில் தேர்தல் நடத்த முடியாது. ரகசிய வாக்குச்சீட்டு கட்டாயம் என்று பைலா சொன்னால், ஒரே ஒருவர் நின்றாலும் வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும், "போட்டியின்றித் தேர்வு" என்று அறிவிக்கக் கூடாது. மாநிலச் சட்டத்தையும் பாருங்கள். டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் 2025-இல் வந்த சட்டம், ஆசிரியர் செனட்டை ஆலோசனை அமைப்பாக மட்டும் வைத்து, ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் (அங்கே கல்லூரி என்பது பல்கலைக்கழகத்துக்குள் உள்ள பெரும்பிரிவு) ஒருவரைப் பல்கலைக்கழகத் தலைவரே நியமிக்கச் சொல்கிறது.

அடுத்தது இடப்பங்கீடு. கணக்குக்கு ஒரு பல்கலைக்கழகத்தை வைத்துக்கொள்வோம். கலை அறிவியலில் 310 ஆசிரியர்கள், பொறியியலில் 140, வணிகத்தில் 75, கல்வியியலில் 45, செவிலியத்தில் 30. மொத்தம் 600 பேர், 12 இடங்கள். கல்லூரிக்கு ஒன்று என முதலில் 5 இடங்களைக் கொடுத்துவிடுங்கள். மீதி 7. 600-ஐ 7-ஆல் வகுத்தால் ஓர் இடத்துக்கு ஏறத்தாழ 85.7 பேர். கலை அறிவியலுக்கு 3.62, பொறியியலுக்கு 1.63, வணிகத்துக்கு 0.88, கல்வியியலுக்கு 0.53, செவிலியத்துக்கு 0.35 வரும். முழு எண்களில் 4 இடங்கள் போக, எஞ்சிய 3 இடங்கள் பெரிய பின்னம் உள்ள வணிகம், பொறியியல், கலை அறிவியல் என்ற வரிசையில் போகும். முடிவு: 5, 3, 2, 1, 1. பெரிய கல்லூரிக்குக் கொஞ்சம் குறையும். ஆனால் செவிலியத்தின் பாடங்களை அந்தத் துறை தெரிந்த ஒருவரும் இல்லாத குழு நிராகரிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இப்போது உங்கள் உண்மையான பிரச்சினைக்கு வருவோம். ஒரு கல்லூரியில் 90 வாக்காளர்கள், 3 இடங்கள் என்று வையுங்கள். உயிரியல் 40 பேர், வேதியியல் 28, கணிதம் 22. ஆளுக்கு மூன்று வாக்கு, அதிக வாக்கு வாங்கினாலே வெற்றி என்ற வழக்கமான முறையில், உயிரியலில் மூவர் நின்று, ஒவ்வொரு துறையும் தன் ஆட்களுக்கே போட்டால் அந்த மூவரும் ஆளுக்கு 40 வாங்குவார்கள். மூன்று இடமும் அவர்களுக்கே. பாதிக்கும் குறைவானவர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறார்கள், யாரும் எந்தத் தவறும் செய்யாமலே.

இதற்கு மருந்து, நம் மாநிலங்களவைத் தேர்தலில் பயன்படும் ஒற்றை மாற்று வாக்கு முறை. ஆளுக்கு ஒரே வாக்கு, வேட்பாளர்களை விருப்பவரிசைப்படி குறிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 234 எம்.எல்.ஏ.க்கள், 6 இடங்கள் என்றால் "34 பேர் ஆதரவு வேண்டும்" என்று செய்தியில் வருமே, அதே கணக்கு. வாக்குகளை இடங்களோடு ஒன்றைக் கூட்டி வகுத்து, வரும் முழு எண்ணில் ஒன்று சேர்க்க வேண்டும். இங்கே 90-ஐ 4-ஆல் வகுத்தால் 22.5. ஆகவே தேவை 23. உயிரியலின் முதல் வேட்பாளர் 40 வாங்கி ஜெயிக்கிறார். உபரி 17 அவருடைய ஆதரவாளர்களின் இரண்டாம் விருப்பத்துக்குப் போகும், ஒவ்வொரு சீட்டும் 0.425 மதிப்பில். உயிரியலின் இரண்டாமவருக்கு 17தான் கிடைக்கிறது. வேதியியல்காரர் 28-இல் ஜெயிக்கிறார். அவருடைய உபரி 5 கணிதத்துக்குப் போனால் 22 என்பது 27 ஆகிறது, மூன்றாம் இடமும் முடிந்தது. மூன்று துறைக்கும் ஆளுக்கொன்று. இரண்டாம் விருப்பம் குறிப்பதால் முதல் விருப்பத்துக்குக் கேடு வராது என்பதை அழைப்பு மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். பலர் அந்தப் பயத்தில் ஒன்றோடு நிறுத்திவிடுவார்கள்.

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். மூன்றாண்டுப் பதவிக்காலம், வருடம் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் மாற வேண்டும் என்று வைத்து, அதை ஒவ்வொரு கல்லூரிக்குள்ளும் பிரித்துவிடுவார்கள். அப்போது மூன்று இடக் கல்லூரியில் வருடத்துக்கு ஒரே இடத்துக்குத்தான் தேர்தல். ஒரே இடம் என்றால் துறைகளுக்கிடையே பங்கிட இந்த முறையால் முடியாது. பெரிய துறை ஆண்டுக்கொரு இடமாக மூன்றையும் எடுத்துவிடக்கூடும். சுழற்சியைக் கல்லூரிகளுக்கு இடையே வையுங்கள்: முதல் ஆண்டு கலை அறிவியலின் 5, இரண்டாம் ஆண்டு பொறியியலின் 3 கல்வியியலின் 1, மூன்றாம் ஆண்டு வணிகத்தின் 2 செவிலியத்தின் 1. குழுவில் எப்போதும் பாதிக்கு மேல் பழையவர்கள் இருப்பார்கள், தேர்தலும் பொருளோடு நடக்கும். பைலாவைத் திருத்த இந்த ஆண்டு நேரமில்லை என்றால், ஒரு துறையிலிருந்து ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் கூடாது என்ற விதியையாவது செனட்டில் கேட்டுப் பாருங்கள்.

வாக்காளர் பட்டியலை பிப்ரவரி முதல் வாரத்தில் மனிதவளத் துறையிடமிருந்து வாங்கி, ஒரு தேதி போட்டு மூடிவிடுங்கள். இரு துறைகளில் பணி உள்ளவர் பெரும்பங்கு எங்கோ அங்கே மட்டும் வாக்களிக்கட்டும். சரிபாதி என்றால் அவரே முன்கூட்டி எழுதித் தரட்டும். இணை டீன்கள் வேட்பாளராக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கல்லூரி மட்டத்தில் கையெழுத்திட்டு அனுப்பிய முன்மொழிவையே அவர்கள் இங்கேயும் உட்கார்ந்து ஆமோதிப்பார்கள். டென்யூர் (நிரந்தரப் பணி உறுதி) இல்லாத முழுநேர விரிவுரையாளர்களுக்கு வாக்குரிமை கட்டாயம் வேண்டும். முதலாண்டுப் பாடங்கள் பலவற்றை நடத்துகிறவர்கள் அவர்கள்தான்.

பெயர் கொடுக்க இரண்டு வாரம், வாக்களிக்க ஐந்து முதல் ஏழு வேலைநாள். விடுமுறை வாரத்தைத் தவிர்த்து மார்ச்சிலேயே முடியுங்கள். இலையுதிர் பருவத்தின் வகுப்பு அட்டவணை உறைவதற்குள் முடிவு தெரிந்தால்தான், ஜெயித்தவருக்குக் கூட்ட நேரத்தில் வகுப்பு விழாது. ஆள் கிடைக்காததற்குப் பெரிய காரணம், வேலை எவ்வளவு என்று தெரியாததுதான். மாதம் எத்தனை கூட்டம், எந்தக் கிழமை, ஒரு கூட்டத்துக்கு எத்தனை முன்மொழிவு படிக்க வேண்டும் என்று கடந்த ஆண்டின் நிகழ்ச்சிநிரலைப் பார்த்து அறிவிப்பிலேயே போடுங்கள். முன்மொழியப்பட்டவரின் சம்மதத்தை எழுத்தில் வாங்காமல் பெயரைச் சீட்டில் ஏற்றாதீர்கள்.

இணையத்தில் நடத்தினால் ஒருவருக்கு ஒரு தனி இணைப்பு. குவால்ட்ரிக்ஸ் என்ற கருத்துக்கணிப்பு மென்பொருள் என்றால், பதில்களை அடையாளமற்றதாக்கும் அமைப்பை அனுப்புவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். படிவத்தில் துறை, பதவி எதையும் கேட்காதீர்கள். 30 பேர் உள்ள கல்லூரியில் துறையும் வாக்களித்த நேரமும் சேர்ந்தாலே யார் என்று சொல்லிவிடலாம். எல்லா வரிசையையும் நிரப்பினால்தான் படிவம் போகும் என்ற கட்டாயத்தை நீக்குங்கள். விருப்பவரிசையை எண்ண ஓபாவோட் போன்ற இணையத் தேர்தல் சேவை உதவும். எண்ணுவதை இருவர் தனித்தனியாகச் செய்து ஒப்பிட்டு, சுற்றுவாரியான எண்ணிக்கையையும் வெளியிடுங்கள்.

சம வாக்கு வந்தால் குலுக்கல் என்று வாக்கெடுப்புக்கு முன்பே அறிவித்திருக்க வேண்டும். காலியிடத்துக்கும் அப்படியே. சபாட்டிகலில் (ஆய்வு விடுப்பில்) போகிறவரின் இடத்துக்கு, அவர் பெயரை நீக்கிவிட்டு அதே சீட்டுகளை மறுபடி எண்ணி ஆளெடுக்கலாம், வாக்குகளை அதுவரை அழிக்காமல் வைத்திருந்தால். இந்த விதி எழுதப்படாத இடத்தில் டீன் ஒருவரை அனுப்பி வைப்பார், அடுத்த பருவத்திலும் அவரே உட்கார்ந்திருப்பார்.