டயாப்லோ 3 வந்தபோது பழைய ரசிகர்கள் ஏன் அவ்வளவு மனம் நொந்தார்கள்?

டயாப்லோ ஓர் ஆக்‌ஷன் ஆர்பிஜி வகை வீடியோ கேம். அதாவது, சண்டை போட்டுக்கொண்டே நம் ஆளை வளர்க்கிற விளையாட்டு. அரக்கனைக் கொன்றால் வாளோ கவசமோ விழும், அதை மாட்டிக்கொண்டு அடுத்தவனைத் தேடிப் போவோம். டயாப்லோ 2 வந்தது 2000-இல். 12 வருடம் காத்திருந்து, 2012 மே மாதம்தான் 3 கையில் கிடைத்தது.

தனியாக ஆடவும் இணையம் வேண்டும், முதல் நாளே சர்வர் நெரிசல், இதெல்லாம் எரிச்சல். உண்மையான வலி, ஆட்டக்காரர்கள் பொருட்களை வாங்கி விற்க ஆட்டத்துக்குள்ளேயே இருந்த ஏல மையம்தான். நிஜப் பணம் கொடுத்தே நல்ல ஆயுதத்தை அங்கே வாங்கிவிடலாம், ஆனால் மணிக்கணக்கில் சண்டை போட்டவனுக்கு விழுந்ததோ பெரும்பாலும் அவன் ஆளுக்கு உதவாத சரக்கு.

அலங்காநல்லூரில் காளையின் திமிலைப் பிடித்துத் தொங்கி ஜெயித்த அண்டாவை யாராவது விற்பார்களா? வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் எடுத்துக் காட்டுவார்கள். அதே அண்டாவை மதுரையில் ஒரு பாத்திரக் கடையில் வாங்கினால் அது தண்ணீர் பிடிக்கிற அண்டா, அவ்வளவுதான். அந்தப் பெருமையைத்தான் ஏல மையம் பறித்தது. 2014 மார்ச்சில் அதை மூடி, பொருள் விழும் முறையையும் மாற்றினார்கள். அப்புறம் ஆட்டம் எவ்வளவோ தேறியது.

இத்தனை ஏமாற்றம் என்றால் விளையாட்டே ஓடவில்லை என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு: 2015-க்குள், பின்னால் வந்த கூடுதல் பகுதியான விரிவாக்கத்தையும் சேர்த்து 3 கோடி பிரதிகள் விற்றன.