தோல் புற்று என்றால் கிளெய்ம் கிடையாதா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 69. கன்னத்தில் சிவப்பாக, வலியே இல்லாமல் ஒரு கட்டி வந்தது. முதலில் பார்த்த டாக்டர் நீர்க்கட்டி என்று சொல்லி கிளினிக்கிலேயே அறுத்து எடுத்தார். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. பத்து வாரத்தில் அதே இடத்தில் மறுபடி வளர்ந்தது. வேறு மருத்துவமனையில் பயாப்ஸி எடுத்தபோது மெர்கெல் செல் கார்சினோமா (தோலில் வரும் ஓர் அரிய புற்று) என்று வந்தது. ஆபரேஷன் முடிந்து ரேடியேஷன் தொடங்கப்போகிறது. ஐந்து வருடமாகத் தீவிர நோய் பாலிசிக்குப் பிரீமியம் கட்டுகிறோம். ‘மெலனோமா (நிறமிச் செல்களில் வரும் தோல் புற்று) அல்லாத தோல் புற்றுநோய்க்கு இழப்பீடு இல்லை’ என்று கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். நிறுவனத்தின் மீதும் டாக்டர் மீதும் வழக்குப் போடலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய நிராகரிப்புக் கடிதத்தையும் பாலிசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். கடிதம் ‘மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய்கள்’ என்று எடுத்துக்காட்டி முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. பாலிசியில் அந்த இடத்தில் இருப்பது அரைப்புள்ளி. அதற்கு அடுத்து, ‘நிணநீர்க் கணுவுக்கோ அதைத் தாண்டியோ பரவியதற்குச் சான்று இருந்தால் இந்த விலக்கு பொருந்தாது’ என்று வருகிறது. பெரும்பாலான தீவிர நோய் பாலிசிகளில் ஏறக்குறைய இதே வாசகம்தான். பாதி வாக்கியத்தை வைத்தே உங்களை மறுத்திருக்கிறார்கள்.

இனி பெத்தாலஜி ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்துக்கு வாருங்கள். ஆபரேஷனின்போது, புற்று முதலில் போய்ச் சேரக்கூடிய கணு ஒன்றையும் (டாக்டர்கள் சென்டினல் கணு என்பார்கள்) எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். அதில் 0.4 மில்லிமீட்டர் அளவுக்குப் புற்றுச் செல்கள் இருப்பதாக எழுதியிருக்கிறது. ‘கழுத்தில் நெறி கட்டவில்லை, ஸ்கேனிலும் தெரியவில்லை’ என்று நிறுவனம் பதில் சொல்லும். சொல்லட்டும். இந்த நோயில் கையால் தடவிப் பார்த்தால் எதுவும் தட்டுப்படாதவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கணுவில் செல்கள் இருக்கும். அந்தச் சோதனையைச் செய்வதே அதற்காகத்தான். மருத்துவர்களின் கட்டப் பிரிப்பும் இந்த நிலையை மூன்றாம் கட்டத்தில்தான் வைக்கிறது. பாலிசி கேட்பது ‘சான்று’. எத்தனை மில்லிமீட்டர் என்று எங்கேயும் கேட்கவில்லை. எழுதாத நிபந்தனையைக் கிளெய்ம் வந்த பிறகு சேர்க்க முடியாது. வாசகம் தெளிவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், அந்தச் சந்தேகத்தின் பலன் பாலிசியை எழுதியவருக்கு எதிராகத்தான் போகும். காப்பீட்டு வழக்குகளில் இது பழைய விதி.

‘மெர்கெல் என்பது சாதாரண தோல் புற்றே இல்லையே, தோலோடு நின்ற நிலையில் கண்டுபிடித்தவர்களிலும் ஐந்தாண்டு தாண்டுபவர்கள் பாதிப்பேர்தானே’ என்று உங்கள் கடிதத்தில் கோபப்பட்டிருக்கிறீர்கள். உண்மைதான். அந்த விலக்கு, அறுத்து எடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துபோகும் பேசல் செல் போன்ற புற்றுகளை மனதில் வைத்து வந்தது. ஆனாலும் இந்த வாதத்தை முதலில் வைக்காதீர்கள். ரிப்போர்ட்டின் தலைப்பிலேயே ‘தோலின் நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா’ (மெர்கெலின் இன்னொரு பெயர்) என்று இருக்கிறது, மெலனோமா இல்லை என்பதும் உறுதி. வெறும் வார்த்தையில் நின்றால் அவர்கள் ஜெயிப்பார்கள். கணு உங்கள் கையில் இருக்கும்போது வேறு சண்டை எதற்கு?

புற்றுநோய் டாக்டரிடம் ஒரே ஒரு பத்தியில் கடிதம் வாங்குங்கள்: நோயின் பெயர், கணுவில் பரவியிருப்பது, கட்டம், பயாப்ஸி ரிப்போர்ட்டின் தேதி. தேதி முக்கியம். கட்டி முதலில் தென்பட்ட நாளை நோய் கண்ட நாளாக்கி காத்திருப்புக் காலத்துக்குள் (பாலிசி தொடங்கியதும் இழப்பீடு கிடைக்காத ஆரம்ப நாட்களுக்குள்) தள்ளப் பார்ப்பது உண்டு. ஐந்து வருட பாலிசி என்பதால் உங்களிடம் அது எடுபடாது. மறுபரிசீலனை மனுவை எழுத்தில் கொடுங்கள், போனில் எதுவும் பேசாதீர்கள். அவர்கள் இழுத்தடித்தால் குறைதீர்ப்பாளர், பிறகு நீதிமன்றம். காலவரம்பு நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் பொதுவாக அது முதல் நிராகரிப்புக் கடிதத்திலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தால் கடிகாரம் நிற்காது. இதில் ஏமாந்தவர்கள் நிறைய.

டாக்டர் விஷயத்தில் நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. நீர்க்கட்டி என்று நினைத்தது மட்டும் அலட்சியம் ஆகாது. 2008-ல் 195 மெர்கெல் நோயாளிகளை வைத்து வந்த ஆய்வில், பயாப்ஸிக்கு முன் 56 சதவீதக் கட்டிகளைச் சாதாரணக் கட்டி என்றே டாக்டர்கள் நினைத்திருந்தார்கள். அதிகம் பேர் சொன்னதும் நீர்க்கட்டிதான். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அந்தக் காகிதமாகத்தான் இருக்கும். உங்கள் பிடி வேறு இடத்தில்: வலியில்லாமல், வேகமாக, வெயில் படும் கன்னத்தில், ஐம்பதைத் தாண்டியவருக்கு வளர்ந்த கட்டியை அறுத்துவிட்டு, சதையை லேபுக்கு அனுப்பாமல் குப்பையில் போட்டது. அதற்கு நியாயம் சொல்வது அவருக்குக் கஷ்டம்.

அதற்குப் பிறகும் ஒரு மேடு இருக்கிறது. அந்தப் பத்து வாரம் இல்லாதிருந்தால் கணுவுக்குப் போயிருக்காது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். 2005-ல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை முன் இதே மாதிரி வழக்கு வந்தது. அக்குள் கட்டியைச் சாதாரணம் என்று விட்டதில் ஒன்பது மாதத் தாமதம். பிழைக்கும் வாய்ப்பு 42 சதவீதத்திலிருந்து 25-க்கு இறங்கியது என்று கணக்கு. ஐந்து நீதிபதிகளில் மூவர் நோயாளிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். பாதிக்கு மேல் வாய்ப்பு இருந்து அதை இழந்ததாகக் காட்டவில்லை என்பது காரணம். அமெரிக்காவின் சில மாநிலங்கள் இதை ஏற்கவில்லை. குறைந்த வாய்ப்புக்கும் அங்கே விலை உண்டு. உங்கள் நாட்டு நீதிமன்றம் எந்தப் பக்கம் என்பதை உள்ளூர் வக்கீலிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இப்போதைக்கு நோட்டீஸ் வேண்டாம். கிளினிக்கின் சிகிச்சைக் குறிப்புகளின் நகலை மட்டும் எழுத்தில் கேளுங்கள். இரண்டாவது மருத்துவமனையில் பாரஃபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்து வைத்த சதை) ஸ்லைடுகளையும் பத்திரமாக வைக்கச் சொல்லி இன்றே மனு கொடுங்கள். கணுவில் இருக்கும் அந்த 0.4 மில்லிமீட்டரை யாராவது மறுத்தால், மறுபடி மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்க அந்தக் கண்ணாடித் துண்டு இருக்க வேண்டும்.